சிறிய ஸ்கேலில் மாதிரி ரயில்: நாகர்கோவில் – கன்னியாகுமரிப் பாதையை மூன்றடி அகலத்தில் அமைக்க முடியுமா?

கோட்டாறு_மாடியறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் பத்தடிக்கு ஒன்பதடி அளவுள்ள அறை ஒன்று, மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றதிலிருந்து, பழைய செய்தித்தாள்களையும் உடைந்த மின்விசிறியையும் தாங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறது. அதில் பாதியை என் மனைவி இஸ்திரி மேசைக்கு ஒதுக்கிவிட்டதால் எனக்குக் கிடைத்திருப்பது ஒரு சுவரும் அதையொட்டிய மூன்றடி அகலமும்தான். நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் பாதையை அந்த இடத்தில் மாதிரியாக அமைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இடம் குறைவு என்பதால் மிகச் சிறிய மாதிரி அளவான இசட் ஸ்கேலே பொருந்தும் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருக்கிறேன், அது சரியா? கடல் எங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. சன்னல் கம்பி இரண்டு ஆண்டுகளில் துருப்பிடிக்கும் ஊரில் இவ்வளவு மெல்லிய தண்டவாளம் தாக்குப்பிடிக்குமா? துபாயில் இருக்கும் என் மைத்துனர் டிசம்பரில் ஊருக்கு வருகிறார். அவர் பெட்டியில் எனக்கென்று கொஞ்சம் இடம் தருவதாகச் சொல்லியிருப்பதால், அதற்குள் எதை வாங்கச் சொல்வது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். சிறுவயதில் சாவி கொடுத்து ஓட்டிய தகர ரயிலைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை.

வேளிமலை_அடிவாரம்

வணக்கம் நண்பரே. நான் தக்கலையில் ஒன்பது ஆண்டுகளாக ‘என்’ ஸ்கேலில் ஓட்டிவருகிறேன். (மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் ‘என்னுடைய ஸ்கேல்’ என்று படித்துவிடுகிறார்கள். அதுவும் பொய்யில்லை என்றாலும் குழப்பம் வேண்டாம்.)

முதலில் ஸ்கேலையும் கேஜையும் பிரித்துக்கொள்வோம். உண்மைப் பொருளை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் கேஜ். எச்.ஓ. என்பது 1:87, அதன் கேஜ் 16.5 மி.மீ.; டி.டி. 1:120, கேஜ் 12 மி.மீ.; ‘என்’ 1:160, கேஜ் 9 மி.மீ. ஒன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஜெர்மன் சொல்லும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. பெயர் வந்தது அப்படி. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஆர்னால்டு நிறுவனம் 1962-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1972-இல், மார்க்ளின் நிறுவனம் 1:220 அளவில் 6.5 மி.மீ. கேஜ் கொண்ட இசட்டை வெளியிட்டது. அதற்கும் கீழே 3 மி.மீ. கேஜில் ஜப்பானியர் செய்த ‘டி’ ஒன்றும் உண்டு. அதைப் பார்க்கலாம், ரசிக்கலாம். நம் வயதுக்காரர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டும் அதைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பது கடினம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறையைப் பார்த்து ஸ்கேலைத் தேர்வு செய்வதுதான் புதிதாக வருபவர்கள் அனைவரும் செய்வது, நானும் செய்தேன். ஓட்ட நினைக்கும் பெட்டியின் நீளத்திலிருந்து தொடங்குங்கள். பெட்டியின் நீளம் வளைவின் ஆரத்தைச் சொல்லும், ஆரம் பலகையின் அகலத்தைச் சொல்லும், அதன் பிறகுதான் அறைக்கு வேலை. இன்று நம் பாதையில் ஓடும் எல்.எச்.பி. வகைப் பயணிகள் பெட்டி 23.54 மீட்டர் நீளம். எச்.ஓ.வில் அது 27 செ.மீ., ‘என்’னில் 14.7 செ.மீ., இசட்டில் 10.7 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் ரயில் தட்டுத்தடுமாறி ஓடும், இரண்டரை மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம், மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் அழகாக இருக்கும் என்பது பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. இரண்டரை மடங்கு என்று வைத்தால் எச்.ஓ.வுக்கு வட்டத்தின் விட்டம் மட்டுமே 135 செ.மீ. ஆகிவிடும், உங்கள் மூன்றடிக்குள், அதாவது 91 செ.மீ.க்குள், அது வராது. ‘என்’னுக்கு ஏறத்தாழ 74 செ.மீ. போதும். ஆகவே இடம் குறைவு என்ற காரணத்தால் எச்.ஓ. விலகிவிடுகிறது, ‘என்’ விலகவில்லை.

கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் என்னும் ஆயத்தப் பாதையில் ‘என்’னுக்கு 249, 282, 315, 348 மி.மீ. ஆரங்களில் வளைவுகள் கிடைக்கின்றன. ரயிலும் பாதையும் சேர்ந்து வரும் தொடக்கப் பெட்டியோடு (ஸ்டார்ட்டர் செட்) எந்த வளைவு வந்தாலும், 348 வளைவுகளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மரக்கடையில் 33 அங்குல அகலத்தில் ஏழடி பிளஷ் கதவு ஒன்றை வாங்கி இரண்டு முக்காலிகள்மேல் கிடத்தினால், 348 ஆரமுள்ள நீள்வட்டம் அதில் அமர்ந்து, இரு ஓரங்களிலும் ஆறு செ.மீ. மிஞ்சும்; நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 130 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். ஒரு எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து 86 செ.மீ. வரும். நிலையத்தில் முழு ரயிலும் நிற்க, முன்னும் பின்னும் காற்று வாங்க இடம் இருக்கும். இருபத்துநான்கு பெட்டி ரேக்கை அப்படியே ஓட்ட ஆசைப்பட்டால் ‘என்’னிலேயே மூன்றரை மீட்டருக்கு மேல் வேண்டும், அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

முப்பந்தல்_காற்று

வேளிமலை அண்ணன் சொன்ன கணக்கில் பிழையில்லை, ஆனால் இசட்டை அவர் ஒரு வரியில் கடந்துபோனது நியாயமில்லை. இசட்டின் ஆயத்த வளைவுகள் 145, 195, 220 மி.மீ. என்னும் ஆரங்களில் வருகின்றன. கைப்பெட்டிக்குள் முழு ஊரையே அடக்கி, மூடி எடுத்துக்கொண்டு போகலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பின்னணியோடு அமைக்க வேண்டுமென்றால், அதாவது ரயில் சிறிதாகவும் மலை பெரிதாகவும் தெரிய வேண்டுமென்றால், இசட்டுக்கு நிகரில்லை. ஐம்பது மீட்டர் உயரக் காற்றாலைக் கோபுரம் ‘என்’னில் 31 செ.மீ. நிற்கும், இசட்டில் 23 செ.மீ.யில் முடிந்துவிடும். அப்படி இருபது கோபுரங்களை நட வேண்டிய எனக்கு இந்த வேறுபாடு பெரிது.

இருந்தாலும் குறையையும் சொல்லிவிடுகிறேன். இசட் எஞ்சினுக்கு எடை மிகக் குறைவு. தண்டவாளத்தில் தூசி ஒரு துளி இருந்தாலும் சக்கரம் அதை நசுக்கிக்கொண்டு போகாமல் அதன்மேல் ஏறி நின்றுவிடும், மின்சாரம் அறுந்துவிடும். மார்க்ளின் இசட் மோட்டாருக்கு 10 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ‘என்’னுக்குரிய 12 வோல்ட் கன்ட்ரோலரை (பாதைக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அதில் மாட்டி நான் ஒரு எஞ்சினைப் பறிகொடுத்தேன். இந்தியப் பெட்டிகள் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும். முதல் ரயிலுக்கு நான் இசட்டைப் பரிந்துரைக்கவில்லை. அதை இழிவாக எண்ண வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

இரணியல்_ஓய்வு_லோகோ

முப்பத்து மூன்று ஆண்டுகள் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். நம் மாவட்டத்துக்கு 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை வந்தது. 1981-இல் திருநெல்வேலியோடு இணைப்பு வந்தது. அதற்கு முன் இங்கே தண்டவாளமே கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் பேருந்தில் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும். வந்த பாதை தொடக்கத்திலிருந்தே பிராட் கேஜ். மற்ற மாவட்டங்களைப்போல மீட்டர் கேஜிலிருந்து மாறியதன்று. ஆகவே குமரி மாவட்டத்து ரயில் என்றால் 1676 மி.மீ. அகலம்தான். அதை 160-ஆல் வகுத்தால் பத்தரை மி.மீ. வருகிறது. நீங்கள் எல்லோரும் 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டிவிட்டு அதை நாகர்கோவில் ரயில் என்கிறீர்கள். முன்னாலிருந்து பார்த்தால் எங்கள் எஞ்சின் ஒல்லிக் காலில் நிற்கும் கொக்கைப்போல இருக்காதா? கேஜில் கால் அங்குலம் விலகினாலும் கேள்வி கேட்கும் துறையில் வேலை பார்த்தவனுக்கு இது உறுத்துகிறது.

வேளிமலை_அடிவாரம்

ஐயா, உங்கள் கேள்வி முழுக்க நியாயமானது. இந்தியப் பாதையை மாதிரி செய்யும் யாரும் தப்ப முடியாத கேள்வியும்கூட. 9 மி.மீ.யை 160-ஆல் பெருக்கினால் 1440 மி.மீ.; அது ஐரோப்பாவின் 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்குப் பொருந்துமே ஒழிய நம்முடையதற்குப் பொருந்தாது. நமக்கு ஒன்றரை மி.மீ. குறைகிறது.

ஆனால் இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானின் பழைய பாதைகள் 1067 மி.மீ. அகலம் கொண்டவை. அவர்கள் அந்த ரயில்களை 1:150-இல் செய்து அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள், கணக்குப்படி அவர்களுக்கு 7 மி.மீ. சற்று மேல் போதும், ஆகவே அவர்களுடையது அகலக் கால். பிரிட்டிஷ்காரர்கள் 1:148-இல் செய்வதால் அவர்களுக்கு 9.7 மி.மீ. வேண்டும், கிடைப்பது 9. ஆகவே அவர்களுடையதும் நம்மைப்போல ஒல்லிக் கால்தான். உலகில் ‘என்’ ஓட்டுபவர்களில் பெரும் பகுதியினர் இந்த விட்டுக்கொடுத்தலோடுதான் ஓட்டுகிறார்கள். பத்தரை மி.மீ.க்குத் தண்டவாளம், சக்கரம், பாதை பிரியும் இடத்துப் பாயின்ட் எல்லாவற்றையும் கையால் செய்யத் துணிந்தால் செய்யலாம். அதற்குள் கோட்டாறு நண்பரின் மகள் படிப்பை முடித்து வந்து அறையைத் திரும்பக் கேட்டுவிடுவார். பக்கவாட்டிலிருந்து, கண்மட்டத்தில் பார்க்கும்படி பலகையை உயர்த்தி வைத்தால் இந்த ஒன்றரை மி.மீ. கண்ணில் படுவதேயில்லை. நாம் ரயிலை நேர் முன்னாலிருந்து பார்ப்பது அரிது. ஐயாவுக்கு முன்னால் நின்று பார்த்தவர்கள் யாரும் நீண்ட நேரம் நின்றிருக்கவும் மாட்டார்கள்.

ஜப்பானியரின் இந்த 1:150 நமக்கு எதிர்பாராத நன்மை ஒன்றையும் தருகிறது. எல்.எச்.பி.க்கு முந்தைய பழைய வகையான ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், 1:160-இல் 133 மி.மீ. ஜப்பானின் இருபது மீட்டர் பெட்டியை 1:150-இல் செய்தால் அதுவும் ஏறத்தாழ அதே நீளம். ஆகவே ஜப்பானியப் பெட்டியின் அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் வைத்துக்கொண்டு, மேலுடலை மட்டும் முப்பரிமாண அச்சில் ரெசினில் எடுத்துப் பொருத்திவிடலாம். நான் எடுத்த நீலநிறப் பெட்டிகள் நான்கும் இப்படி வந்தவைதான். சுவரின் தடிமனை 0.8 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். நம் வெயிலில் ரெசின் கூடு வளைந்து வாழைப்பழமாகிவிடும்.

இரணியல்_ஓய்வு_லோகோ

ஏற்றுக்கொள்கிறேன். கண்மட்டம் என்று சொன்னது சரி. நாங்களும் பாதையை மேலிருந்து பார்த்தவர்கள் அல்லர்.

கோட்டாறு_மாடியறை

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ‘என்’ என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரு ஐயம். நாகர்கோவிலில் திருவனந்தபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என மூன்று திசைப் பாதைகள் கூடுகின்றன. ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் நிலையம் வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் திரும்பும் இணைப்பும் இருப்பதால் படத்தில் அது ஒரு முக்கோணமாகத் தெரிகிறது. அந்த முக்கோணத்தைத்தான் நான் செய்ய விரும்புகிறேன். கதவுப் பலகையில் அடங்குமா?

வேளிமலை_அடிவாரம்

அடங்குவது இருக்கட்டும், முதல் லேயவுட்டில் முக்கோணம் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். நம் பாதையில் ஒரு தண்டவாளம் நேர் மின்முனை, மற்றது எதிர் மின்முனை. எஞ்சின் இரண்டிலிருந்தும் மின்சாரத்தைச் சக்கரம் வழியாக எடுத்துக்கொள்கிறது. முக்கோணத்தின் மூன்று கைகளையும் ஒருமுறை விரலால் தொடர்ந்து பாருங்கள்: இடப்பக்கத் தண்டவாளம் சுற்றி வந்து வலப்பக்கத் தண்டவாளத்தோடு சேரும். நேர்முனையும் எதிர்முனையும் முட்டிக்கொண்டால் ஷார்ட் சர்க்யூட். தன் மேலேயே திரும்பி வரும் கண்ணிப் பாதைக்கும் இதே நோய் உண்டு. முக்கோணத்தின் ஒரு கையில், இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களையுமே வெட்டிப் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டுத் தனிமைப்படுத்தி, அந்தத் துண்டின் மின்முனையை மாற்ற ஆறு முனை டாகிள் சுவிட்ச் ஒன்றை வைத்தால் தீர்வு உண்டு. ஆனால் ரயில் அந்தத் துண்டுக்குள் இருக்கும்போது சுவிட்சை மாற்ற மறந்தால் ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் அணைந்துபோகும். நீள்வட்டம் ஒன்று, நிலையத்தில் ரயில் ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், கன்னியாகுமரிக்கென்று பிரியும் ஒரு கிளை, ஆக மூன்று பாயின்ட்களோடு தொடங்குங்கள்.

பாதையின் உண்மை நீளத்தையும் மறந்துவிடுங்கள். ஜங்ஷனிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ‘என்’னில் அது நூறு மீட்டர். உங்கள் தெருமுனைக்கே போய்விடும்.

முட்டம்_கலங்கரை

மைத்துனர் கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை. நான் பதினொரு ஆண்டுகள் வளைகுடாவில் இருந்தவன். மாதிரி ரயில்கள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு 9503 என்னும் ஒரே தலைப்பில் வருகின்றன. 2020 நிதிநிலை அறிக்கையில் பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. அதோடு 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. தரக்குறி கட்டாயம். இவ்விரண்டும் சேர்ந்து, வெளிநாட்டுக் கடையிலிருந்து நேராகப் பார்சலில் வரவழைப்பதைச் சூதாட்டமாக்கிவிட்டன. என் பார்சல் ஒன்று ஐந்து வாரம் கிடந்து திரும்பிப் போனது. பயணப்பெட்டியில் கொண்டுவருவதானால் ரசீதை வைத்துக்கொள்ளட்டும், வரம்பைத் தாண்டினால் மறைக்காமல் அறிவிக்கட்டும். எஞ்சினைக் கைப்பையிலும் தண்டவாளத்தைப் பெட்டியிலும் வைக்கச் சொல்லுங்கள்.

பலகை பற்றியும் சொல்கிறேன். கடற்கரையில் வாழும் எனக்கு மரம் கற்பித்த பாடம் இது: எந்தப் பலகையாக இருந்தாலும் மேற்புறம் மட்டுமல்லாமல் அடிப்புறம், நான்கு விளிம்புகள் உட்பட ஆறு முகங்களுக்கும் பெயின்ட் அடித்த பிறகே தண்டவாளம் பதிக்க வேண்டும். ஒரு முகம் ஈரத்தை உறிஞ்சி மறுமுகம் உறிஞ்சாவிட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் போடுவதானால் ஐ.எஸ். 710 என்று முத்திரையிட்ட மரைன் வகை. சட்டத்துக்கு நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரத்தை எடுக்கலாம், ஆனால் மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். மருந்தேற்றாத ரப்பர் மரம் வண்டுக்கு விருந்து.

மண்டைக்காடு_மணல்

கோட்டாறு அண்ணன் இன்னும் ஜல்லியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே நான் எச்சரித்துவிடுகிறேன், ஏனென்றால் குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது.

ரயில் பாதைக்குப் போடும் ஜல்லி பெரும்பாலும் 20 முதல் 65 மி.மீ. வரை இருக்கும். 65 மி.மீ. கல்லை 160-ஆல் சுருக்கினால் 0.4 மி.மீ.; அதாவது மணல். கடையில் விற்கும் மாதிரி ஜல்லிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், வீட்டு வாசலிலேயே கறுப்பும் சிவப்புமாக இவ்வளவு நேர்த்தியான மணல் கிடக்கிறதே என்று எண்ணி, நான் முதல் லேயவுட்டில் எங்கள் கரையின் மணலைப் போட்டேன். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. இரண்டாம் நாள் எஞ்சின் முனகத் தொடங்கியது. நான்காம் நாள் நின்றது. திறந்து பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கறுப்புப் பொடி மீசை முளைத்திருந்தது.

மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இந்த மணலிலிருந்து எதைப் பிரித்தெடுக்கிறது என்று பள்ளியில் பாடம் நடத்தும் நானே மறந்துபோனேன்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட். இவற்றில் கறுப்பாக இருக்கும் இல்மனைட் இரும்பும் டைட்டேனியமும் கலந்த கனிமம். காந்தம் அதை இழுக்கும். ஆலையில் அதைப் பிரிப்பதற்கே காந்தத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். என் எஞ்சின் அந்த வேலையை எனக்கு இலவசமாகச் செய்து காட்டியது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது கதிரியக்கம் உள்ளது. அதை மூடிய அறையில் தூசியாகப் பறக்கவிடுவதும் நல்லதில்லை. போதாக்குறைக்குக் கடல் மணலின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைச் சதா நனைத்துவைக்கும்.

இப்போது நான் செய்வது இது. கல் குவாரித் தூசியை வாங்கி மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, முதலில் தேநீர் வடிகட்டியில் சலித்துப் பருமனானதை நீக்கி, பிறகு மெல்லிய துணியில் சலித்துப் பொடியை நீக்குகிறேன். நடுவில் தங்குவதே ஜல்லி. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதன்மேல் ஐந்தாறு முறை ஓட்ட வேண்டும். கருங்கல் பொடியிலும் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இருக்கின்றன, வியந்துபோவீர்கள். ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சொட்டுக்குழாயால் தண்டவாளங்களுக்கிடையே விட்டால் ஒட்டிக்கொள்ளும். பாயின்டின் நகரும் நாக்குக்கு அருகே மட்டும் ஒரு மணிகூட விழக் கூடாது.

மற்றபடி நம் ஊர் இந்தப் பொழுதுபோக்குக்குக் குறை வைக்கவில்லை. மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்தால் வயல். கயிறு திரிக்கும் தும்பை நறுக்கிப் போட்டால் காய்ந்த புல். தென்னை மட்டும் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கிறது. பதினெட்டு மீட்டர் மரம் ‘என்’னில் 11 செ.மீ.; கம்பியில் நூல் சுற்றித் தண்டு செய்துவிடலாம், ஓலைதான் வரவில்லை. காகிதத்தை நறுக்கினால் விசிறியாகத் தெரிகிறது, கோழி இறகை நறுக்கினால் பனையாகிவிடுகிறது. நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்; குமரி மாவட்ட லேயவுட்டில் குறைந்தது நூறு தென்னையாவது வேண்டும்.

முப்பந்தல்_காற்று

அக்கா, ஓலைக்கு மெல்லிய டிரேசிங் தாளை நடுவில் மடித்து, மடிப்பில் செப்புக் கம்பி இழையை ஒட்டி, பிறகு இரு பக்கமும் சாய்வாக நறுக்கிப் பாருங்கள். கம்பியை வளைத்தால் ஓலை தொங்கும். ஒரு மரத்துக்குப் பதினைந்து ஓலை. ஒரு மாலைக்கு மூன்று மரம். நூறு மரத்துக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டாறு_மாடியறை

எட்டு வாரங்கள் கழித்து வருகிறேன். மைத்துனர் தொடக்கப் பெட்டியும் 348 வளைவுகளும் கொண்டுவந்து சேர்த்தார். கதவுக்கு ஆறு முகமும் பெயின்ட் அடித்தேன். ஜல்லி இன்னும் போடவில்லை. ரயில் ஓடுகிறது, ஆனால் ஒரு நோய் இருக்கிறது. கன்ட்ரோலர் இருக்கும் பக்கம் விரைவாகப் போகும் ரயில், எதிர்ப்பக்கச் சன்னல் ஓரத்துக்குப் போனால் தளர்ந்து, சில நேரம் நின்றேவிடுகிறது. காலையில் மோசம், மதியத்துக்குமேல் கொஞ்சம் பரவாயில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு பக்கமும் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. கடற்காற்றின் வேலையா?

வேளிமலை_அடிவாரம்

நீங்கள் ரயிலை எடுத்துவிட்டு அளந்திருக்கிறீர்கள், சரிதானே? மின்சாரம் ஓடாதபோது மோசமான இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். சன்னல் ஓரத்தில் எஞ்சினை வைத்து, அது ஓட முயலும்போதே அதன் இரு பக்கத்திலும் அளந்து பாருங்கள், குறைவது தெரியும். பிறகு ஒவ்வோர் இணைப்பையும் தாண்டித் தாண்டி அளந்தால் எந்த இணைப்பில் விழுகிறது என்று பிடிபடும். யூனிட்ராக்கைப் பொருத்தும்போது தண்டவாளத்தின் அடிப்பகுதி இணைப்பானின் உள்ளே நுழையாமல் மேலேறி உட்கார்ந்துவிடுவது உண்டு. கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவினால் ஒரு சிறு படி தட்டுப்படும்.

இணைப்பு சரியானாலும் ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்து நீள்வட்டம் முழுவதும் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜோடிக் கம்பியை இணையுங்கள். நிறம் மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

அழுக்கும் ஒரு காரணமாகலாம். தண்டவாளம் நிக்கல் சில்வர், அதாவது செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது. பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. துரு ஏறாது, ஆனால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தெறிக்கும் நுண்பொறிகளால் கறுப்புப் படலம் உண்டாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறல்களில் கறுப்பு மேலும் குடியேறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சக்கரங்களையும் சேர்த்து.

முட்டம்_கலங்கரை

ஆல்கஹாலில் எனக்கு உடன்பாடில்லை. துடைத்த அன்று பளபளக்கும், பத்து நாளில் முன்னைவிட விரைவாகக் கறுக்கும். கடலோரத்தில் நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பென்டைனால் துடைத்தால் அவ்வளவு விரைவில் கறுப்பதில்லை. சன்னலைத் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். பிளாஸ்டிக்கில் வழியவிடக் கூடாது.

வேளிமலை_அடிவாரம்

முட்டத்தாருக்கு அது சரியாக இருக்கலாம். தக்கலையில் எனக்கு ஆல்கஹால் போதுமானதாக இருக்கிறது. இந்தச் சண்டையை உலகம் முழுவதும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோட்டாறு நண்பர் பாதிப் பாதையை இதிலும் பாதியை அதிலும் துடைத்துப் பார்த்து வந்து சொல்லட்டும்.

இரணியல்_ஓய்வு_லோகோ

இது எங்களுக்குப் பழகிய விஷயம். 25 கிலோவோல்ட் மின்பாதையிலும் ஒரு துணைமின்நிலையத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாவட்டம் முழுவதும் ஓட்ட முடியாது. தொலைவு கூடக்கூட வோல்ட் விழும், அதனால்தான் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு மின்சாரம் ஊட்டுகிறார்கள். தம்பி, அந்த எதிர்ப்பக்கக் கம்பியைத் தள்ளிப்போடாமல் இணைத்துவிடுங்கள்.

கோட்டாறு_மாடியறை

வேளிமலை அண்ணன் சொன்ன படியேதான். எஞ்சினை வைத்து அளந்தபோது சன்னல் ஓரத்தில் 8 வோல்ட்டுக்கும் கீழே இருந்தது. மூன்றாவது இணைப்பில் விரல் தட்டியது. கழற்றிப் பார்த்தால் இணைப்பான் தண்டவாளத்துக்கு அடியில் மடிந்து கிடந்தது. சன்னல் வழியாக விடியற்காலையில் ஈரம் படியும் இடமும் அதுவே என்பதால் காலை நேரத் தளர்ச்சிக்கும் காரணம் புரிந்தது. மாற்றிவிட்டேன், எதிர்ப்பக்கக் கம்பியும் கொடுத்துவிட்டேன். நேற்று இரவு ஐந்து பெட்டிகளோடு நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. துணி மடிக்க வந்த என் மனைவி இரண்டு சுற்று பார்த்துவிட்டு, எந்த நிலையத்திலும் நிற்காதா என்று கேட்டார். ஆகவே இனி நிலையம் கட்ட வேண்டும்.

கிளையின் முடிவில் கன்னியாகுமரி நிலையத்தை வைக்கிறேன். நடைமேடையையும், பாதை முடியும் இடத்திலிருந்து கட்டடம் வரையுள்ள தொலைவையும் அளக்க வேண்டும். டேப்பைப் பிடித்துக்கொண்டு நிலையத்தில் நடமாடினால் யாராவது கேட்பார்கள் என்று தயக்கமாக இருக்கிறது. வரைபடம் எங்காவது கிடைக்குமா?

இரணியல்_ஓய்வு_லோகோ

வரைபடமும் வேண்டாம், டேப்பும் வேண்டாம், தண்டவாளத்தில் இறங்கவும் வேண்டாம். நடைமேடைச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய், நடைமேடையில் நின்றபடியே தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் ஸ்லீப்பர்களை எண்ணுங்கள். கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்ற கணக்கில் பதித்த பாதையில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 60 செ.மீ. இடைவெளி. நூறு எண்ணினால் 60 மீட்டர். உங்கள் பலகையில் அது முப்பத்தேழரை செ.மீ. நிலையப் பாதையில் சில இடங்களில் நெருக்கிப் போட்டிருப்பார்கள், ஆகவே முதலில் பத்து ஸ்லீப்பர்களை உங்கள் காலடியால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். காலை வண்டிகள் புறப்பட்ட பிறகு பாதை காலியாக இருக்கும்போது போனால் கடைசி ஸ்லீப்பர் வரை தெரியும். ஞாயிற்றுக்கிழமை போவதானால் சொல்லுங்கள், இரணியலிலிருந்து நானும் பாசஞ்சரில் வந்துவிடுகிறேன். நீங்கள் ஒரு பக்கம் எண்ணுங்கள், நான் மறுபக்கம் எண்ணுகிறேன்.